ஒரே முகவரியிலிருந்து வந்த கருத்துகள்

அந்த அறிவிப்பை நான் படித்தது சிரம்பானில், வேலை செய்கிற வழக்கறிஞர் அலுவலகத்தில். அங்கே நான் டைப்பிஸ்ட். மதியச் சாப்பாட்டு நேரத்தில் இணையத்தைத் திறந்து பார்த்துக்கொள்ள முதலாளி அனுமதி கொடுத்திருந்தார். மற்றவர்கள் சினிமாச் செய்தி படிப்பார்கள். நான் எங்கள் ரப்பர் தோட்டங்களின் தகவல் பலகையைப் பார்ப்பேன். யார் வீட்டில் காதுகுத்து, எந்தக் கோயிலில் திருவிழா, எந்த பஸ் இனிமேல் உள்ளே வராது என்றெல்லாம் அதில் எழுதியிருக்கும். அன்று எல்லாவற்றுக்கும் மேலே புதிதாக ஒன்று இருந்தது.

"தகவல் பலகையின் விதிமாற்றம் பற்றி வந்த கருத்துகளைக் குழு பரிசீலித்தது. மந்தின் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்த கருத்துகள் அனைத்தும் ஒரே மின்னஞ்சல் முகவரியிலிருந்து ஒரே நாளில் அனுப்பப்பட்டவை. காலமாகிவிட்ட ஒருவரின் பெயரும் அவற்றில் பயன்படுத்தப்பட்டிருக்கிறது. எனவே அவை கணக்கில் சேர்க்கப்படவில்லை. சம்பந்தப்பட்ட மாணவியைப் பற்றி அவருடைய பள்ளிக்குத் தெரிவிப்பது குறித்துக் குழு அடுத்த கூட்டத்தில் முடிவு செய்யும்."

பெயர் போடவில்லை. போடத் தேவையும் இல்லை. அது எங்கள் தோட்டம். அங்கே கணினியில் தமிழ் அடிக்கத் தெரிந்த மாணவி ஒருத்திதான். அவள் என் மகள். பள்ளியின் கடைசி வகுப்பான ஆறாம் படிவத்தை அப்போது முடிக்கவிருந்தாள். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டுவிட்டு, பள்ளி கொடுக்கும் நன்னடத்தைச் சான்றிதழுக்காகக் காத்திருந்தாள்.

நான் சுபாவத்திலேயே பயந்தவள். கேஸ் அடுப்பை மூடிவிட்டுப் படிவரை வந்து, திரும்பப் போய் மூடியிருக்கிறதா என்று பார்க்கிறவள். பஸ் நிறுத்தத்தில் மகள் இறங்க நேரமானால், என்னென்ன நடந்திருக்கலாம் என்று வரிசையாகக் கற்பனை செய்துவிடுவேன். ஆனால் இப்படி ஒன்றை நான் கற்பனை செய்ததே இல்லை. கள்ளத்தனம் செய்தவள் என்று என் பிள்ளையை எல்லாத் தோட்டங்களும் படிக்கிற இடத்தில் எழுதிவிட்டார்கள். இது நடந்து இன்னும் இரண்டு வருடம் முழுதாக ஆகவில்லை. 

குழு என்று நான் சொல்வது சிரம்பானில் இருந்த ஒரு சிறிய நலச் சங்கத்தின் நிர்வாகக் குழுவை. தலைவர் ஜவுளிக்கடை முதலாளி. அவருடைய குடும்பம் இரண்டு தலைமுறையாக ஊரில் வியாபாரம் செய்கிறது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் செயலாளர். முன்பு தொழிற்சங்கத்தில் இருந்தவர் ஒருவர் பொருளாளர். கோலாலம்பூரில் கணினி வேலை பார்த்துக்கொண்டு சனி ஞாயிறு மட்டும் வருகிற ஓர் இளைஞர், வலைத்தளம் சம்பந்தப்பட்ட எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டார். நல்ல மனிதர்கள். தோட்டப் பிள்ளைகள் பின்தங்கிவிடக் கூடாது என்று சில தோட்டங்களில் ஆளுக்கொரு கணினி வைத்துக் கொடுத்தவர்கள் அவர்கள்தான். எங்கள் தோட்டத்தில் அதைப் பழைய ஆயாக்கொட்டகையில் வைத்தார்கள். பால்வெட்டுக்குப் போகிற பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுப்போகிற இடம் அது. தொட்டில் கட்டுகிற கம்பிகள் மேலே அப்படியே இருக்க, கீழே மோடம் கத்தியது.

அந்தப் பலகையில் யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்றுதான் ஆரம்பித்தார்கள். ரெம்பாவ் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து யாரோ ஒருவர் பொய்ப் பெயரில் மானேஜரைக் கண்டபடி திட்டி எழுதிவிட்டார். நிலத்தை வீடமைப்புக்காரர்களிடம் விற்கப்போகிறார்கள் என்ற கோபம். நிர்வாகம் சங்கத்துக்கு ஆள் அனுப்பியது. அந்தப் பயத்தில் குழு ஒரு புது விதியை முன்வைத்தது: இனி எந்தச் செய்தியானாலும் குழு உறுப்பினர் மூவர் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகுதான் பலகையில் வரும். அதற்கு ஒரு வாரம்வரை ஆகலாம். இதைப் பற்றிப் பொதுமக்கள் தங்கள் கருத்தை மின்னஞ்சலில் தெரிவிக்கலாம்.

தெரிவிக்கலாம் என்ற அந்த ஒரு வார்த்தையில்தான் எல்லாம் ஆரம்பமானது. எங்களிடம் அதுவரை யாரும் எதையும் கேட்டதில்லை. நான் சிறுமியாக இருந்த எழுபதுகளில் எல்லா முடிவும் விடியற்காலையில், வேலைக்கு ஆள் கூடுகிற பெரட்டுக் களத்தில்தான் வரும். ஆள் கணக்கு எடுத்து முடித்ததும் கிராணி என்கிற தோட்டக் கணக்கர் சொல்வார்: நாளையிலிருந்து குழாய்த் தண்ணீர் காலையில் மட்டும், இந்த லயத்து வீட்டு வரிசையை இடிக்கப்போகிறோம், வேறு லயத்துக்குப் போங்கள். அப்பா அதை வீட்டுக்குக் கொண்டுவந்து சொல்வார். அம்மா பாத்திரங்களைக் கட்ட ஆரம்பிப்பாள். அவ்வளவுதான். அப்படி வளர்ந்தவர்களிடம் போய் உங்கள் கருத்து என்ன என்று கேட்டால், அதை அவர்கள் சாதாரணமாக எடுத்துக்கொள்வார்களா?

மகள் வீடு வீடாகப் போனாள். முதல் நாள் நானும் கூடப் போனேன், நாய்க்குப் பயந்து. கீழ் லயத்தில் ஒருவர் சட்டை போடாமல் வாசலில் உட்கார்ந்திருந்தார். விஷயத்தைக் கேட்டதும் உள்ளே போய்ச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார்.

"என்னையா கேக்கறாங்க? நல்லாப் பாத்தியா பாப்பா?"

"எல்லாரையும்தான் மாமா."

"எல்லாரையும்னா சரி. என்னை மட்டும்னா பயமா இருக்கும்லா."

அவர் மனைவி உள்ளேயிருந்து, "அவருக்கு என்ன தெரியும், என்னைக் கேளு," என்றாள். இரண்டு பேருக்கும் அங்கேயே வாக்குவாதம். கடைசியில் அவர் சொன்னதைத்தான் மகள் எழுதிக்கொண்டாள். ஆனால் அது முழுக்க அந்த அம்மாள் அவருக்குச் சொல்லிக்கொடுத்தது.

எங்கள் தோட்டத்தில் பொதுக்காரியம் எதுவானாலும் வீட்டுக்கு ஒரு குரல். கோயில் திருவிழா வரி தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று போடுகிற மாதிரி, பேச்சும் தலைக்கட்டுக்கு ஒன்று. அதற்கு மேல் பேசினால் சண்டை, குறைவாகப் பேசினால் அவமானம். மகளுக்கு வேறு முறை தெரியாது. ஒவ்வொரு வீடும் சொன்னதை அவர்கள் சொன்ன மாதிரியே அடித்து, கீழே அந்தத் தலைக்கட்டின் பெயரைப் போட்டு, சனிக்கிழமை உட்கார்ந்து எல்லாவற்றையும் தன் முகவரியிலிருந்து அனுப்பினாள். வேறு யாருக்கும் முகவரி கிடையாது.

அநேகமாக எல்லாரும் சொன்னது ஒன்றுதான். மற்றச் செய்தியெல்லாம் குழு பார்த்துவிட்டுப் போடட்டும், பரவாயில்லை. சாவுச் செய்தி ஒரு வாரம் காத்திருக்க முடியாது. பிணத்தை மறுநாள் எடுத்துவிடுவோம். பிள்ளைகள் ஷா ஆலாமிலும் ஜோகூரிலும் இருக்கிறார்கள்.

அலுவலகத்திலிருந்து அன்று நான் சீக்கிரம் கிளம்பினேன். மகள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவள் ஏற்கெனவே படித்துவிட்டிருந்தாள் என்பது அவள் மடித்த விதத்தில் தெரிந்தது. ஒரே சட்டையை மடித்து, உதறி, மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள்.

"செத்தவங்க பேருன்னு போட்டிருக்கே, யாருடி அது?"

"மேட்டு லயத்துப் பெரியம்மா வீடு. டிராக்டர் ஓட்டுன பெரியப்பா பேரு."

"அவரு செத்தது உனக்குத் தெரியும்தானே?"

"தெரியும்மா. வீடு யாரு பேருலன்னு கேட்டேன், அவரு பேரைச் சொன்னாங்க. போன திருவிழாவுக்குக்கூட அவரு பேருலதானே வரி வாசிச்சாங்க? நீங்களும் கேட்டுக்கிட்டுத்தானே நின்னீங்க?"

உண்மைதான். எங்கள் வழக்கம் அது. கணவன் இறந்தாலும் தலைக்கட்டு அவர் பெயரிலேயே இருக்கும். மகனுக்குக் கல்யாணமாகித் தனி அடுப்பு வைக்கிறவரை மாறாது. மேட்டு லயத்து அம்மாளை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அந்த அக்காவின் மகனுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. கோயிலில் அந்தப் பெயரை வாசிக்கும்போது எங்களில் யாருக்கும் அது இறந்தவர் பெயர் என்று தோன்றியதே இல்லை. அது ஒரு வீட்டின் பெயர்.

அந்த அக்காவிடம் விஷயத்தைச் சொல்ல எனக்குத் தயக்கமாக இருந்தது. சொன்னதும் அவர் சிரித்தார்.

"செத்தும் சும்மா இருக்க மாட்டேங்கறாரே மனுஷன். உசுரோட இருந்தப்ப ஒரு கூட்டத்துலயும் வாயத் தொறந்தது இல்ல."

பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். "பாப்பாவ என்னமோ சொல்லிட்டாங்களா? எப்பக் கூட்டம்? நானும் வரேன் தங்கச்சி."

கூட்டம் ஞாயிற்றுக்கிழமை, தலைவரின் கடை மாடியில். என் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறவர், அந்த வாரம் ஜோகூர்ப் பக்கம் போயிருந்தார். நாங்கள் மூவரும் மந்தினிலிருந்து பஸ் ஏறினோம். மகள் பள்ளிச் சீருடையில் வருகிறேன் என்றாள். வேண்டாம் என்றேன். சீருடையைப் பார்த்தால் பள்ளி ஞாபகம் வரும் என்று பட்டது. இப்படியெல்லாம்தான் என் புத்தி போகும்.

மாடியில் புதுத் துணியின் கஞ்சி வாசனை. நால்வரும் மேசைக்குப் பின்னால் இருந்தார்கள். தலைவர் எழுந்து எங்களுக்கு நாற்காலி இழுத்துப் போட்டார். தேநீர் வந்தது. திட்டுவார்கள் என்று தயாராக வந்தவளுக்கு அந்த மரியாதை இன்னும் பயத்தைக் கொடுத்தது.

பொருளாளர்தான் முதலில் பேசினார். அந்தப் பெயரைக் கண்டுபிடித்தவர் அவர்தான்.

"நான் அவரு சாவுக்கு வந்திருந்தேம்மா. அதனாலதான் பேரைப் பாத்ததும் திக்குனு ஆயிடுச்சு."

"வந்தீங்க," என்றார் அக்கா. "மாலை போட்டீங்க. அழுதீங்ககூட. மறக்குமா?"

"அப்பறம் எப்படிம்மா அவரு பேருல…"

"அவரு பேருல இல்லாம யாரு பேருல? தலைக்கட்டு அவருதானே. நான்தான் சொன்னேன், பாப்பா எழுதுச்சு. அதுக்கு அந்தப் பிள்ளையவா கேப்பீங்க?"

கணினி பார்க்கிற இளைஞர் முன்னால் சாய்ந்தார். குரலில் எரிச்சல் இல்லை. விளக்குகிற பொறுமைதான் இருந்தது.

"ஆண்டி, இண்டர்நெட்ல அப்படி இல்ல. எழுதுறவங்க யாருன்னு எங்களுக்குக் கண்ணால தெரியாது. ஒரு முகவரிக்கு ஒரு ஆளுன்னுதான் எடுத்துக்க முடியும். இல்லன்னா ஒருத்தரே நூறு பேரு மாதிரி எழுதிடலாம்."

"தம்பி எந்தத் தோட்டம்?"

அவர் சிரித்துவிட்டார். "ரெம்பாவ் பக்கம்."

"அங்க தலைக்கட்டு இல்லையா?"

அவர் நாற்காலியில் பின்னால் சாய்ந்தார். பிறகு தலைவரைப் பார்த்து, "இருந்துச்சு ஐயா," என்றார். "எங்க தாத்தா போன பிறகும் அவரு பேருலதான் வரி கட்டினோம். எனக்கு மறந்தே போச்சு."

அந்த இடத்தில் என் மூச்சு கொஞ்சம் இறங்கியது. மகள் என் பக்கம் திரும்பவே இல்லை. கையைக் கட்டிக்கொண்டு மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் பேசியதை நான் நியாயமாகவே எழுத வேண்டும். "போன் லைன் என் பேருல இருக்கும்மா. இணையக் கணக்கு என் பேருல. சங்கத்தப் பதிஞ்சப்ப முதல் கையெழுத்து என்னுது. நாளைக்கு எவனாவது எதையாவது எழுதிப் போலீஸ் வந்தா, எழுதினவன் வீட்டுக்குப் போகாது, என் கடைக்குத்தான் வரும். எனக்கும் ரெண்டு பொண்ணுங்க இருக்கு. நீங்க என் இடத்துல இருந்தா என்ன செய்வீங்க?"

கடிந்து கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அவர் முகத்தில் எனக்குத் தெரிந்த ஒன்று இருந்தது. கடையைப் பூட்டிவிட்டுத் திரும்ப வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ஆள் அவர் என்று நான் பந்தயம் கட்டுவேன்.

"பயந்திருப்பேன் ஐயா," என்றேன். "பலகைய மொத்தமாவே மூடியிருப்பேனோ என்னவோ. ஆனா ஒரு பிள்ளையப் பத்தி ஊரு பாக்க எழுதறதுக்கு முன்னால, கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருப்பேன். கருத்துச் சொல்லுங்கன்னு நீங்கதான் கேட்டீங்க. எங்க ஆளுங்களுக்குத் தெரிஞ்ச முறையில சொன்னாங்க. அந்த முறை உங்களுக்குப் புரியலன்னா, பொய்யின்னு எழுதிடறதா?"

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. தேநீர்க் கோப்பையை மேசைமேல் வைத்தேன்.

அக்கா அதற்குப் பிறகு கணவரின் சாவைப் பற்றிச் சொன்னார். அப்போது பலகை இல்லை, கணினி இல்லை. அக்காவின் தம்பிக்கு சி ரூசா கடற்கரையில் ஒரு ஹோட்டலில் சமையல் வேலை. தோட்ட ஆபீஸ் பூட்டியிருந்ததால் போன் பண்ண முடியவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் மோட்டார்சைக்கிளில் போய்ச் சொல்லி, தம்பி வந்து சேரும்போது மண்ணைத் தள்ளி முடித்திருந்தார்கள். "மண்ணு தள்ளறப்ப மச்சான் இல்லாத சாவு எங்க வீட்டுச் சாவு. நீங்க விதி போடுங்க ஐயா, வேண்டாம்னு சொல்லல. சாவ மட்டும் காக்க வைக்காதீங்க. இதைத்தான் அவரு பேருல சொன்னேன். அவரு சொல்ல வேண்டியதுதானே அது?"

குழு உள்ளே போய்ப் பேசிவிட்டு வந்தது. செயலாளர் முடிவை வாசித்தார். புது விதி நிறைவேறுகிறது. இறப்பு சம்பந்தப்பட்ட செய்திகளுக்கு மட்டும் அனுமதி தேவையில்லை. எங்கள் தோட்டத்துக் கருத்துகள் உண்மையானவை என்று குழு ஏற்றுக்கொள்கிறது. ஆனால் எத்தனை என்று எழுதுவது என்பதில் அவர்களுக்குள் ஒத்துவரவில்லை. இளைஞர் ஒன்று என்றார். பொருளாளர் வீட்டுக்கு ஒன்று என்றார்.

"ஒண்ணுன்னே எழுதிக்குங்க," என்றார் அக்கா. "கொஞ்சம் பெரிய எழுத்தா எழுதுங்க."

எல்லாரும் சிரித்தார்கள். மகளும் சிரித்தாள். நான் மட்டும், "மறுப்பை, முதல்ல எழுதின அதே இடத்துலயே போடுவீங்கதானே?" என்று கேட்டேன். கட்டாயம் போடுவோம் என்றார் தலைவர். பள்ளிக்கு எதுவும் எழுதமாட்டோம் என்றும் சொன்னார்.

அதோடு முடிந்திருக்க வேண்டும்.

நாள்கள் போயின. பழைய அறிவிப்பு பலகையில் அப்படியே இருந்தது. மறுப்பு வரவில்லை. நான் மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் தலைவருக்குப் போன் செய்தேன்.

"எழுதியாச்சும்மா. மூணு பேரு ஒப்புக்கணும். இந்த மாதிரி அறிவிப்புக்கெல்லாம் செயலாளர் கண்டிப்பா பாக்கணும்னு நாங்களே போட்டுக்கிட்டோம். அவரு காசிக்குப் போயிட்டாரு."

"எப்ப வருவாரு?"

"ராமேஸ்வரமும் பாத்துட்டு வரேன்னாரு."

"ஐயா, இது உங்க சொந்த அறிவிப்பு. அதுக்குமா?"

அவர் குரல் உண்மையாகவே வருத்தப்பட்டது. "மத்தவங்கள எல்லாம் காக்கச் சொல்லிட்டு, நாங்களே முதல் வாரம் மீறினா நாளைக்கு யாரும்மா மதிப்பாங்க?"

நான் அந்த இளைஞருக்குப் போன் செய்தேன். பலகையின் கடவுச்சொல் அவரிடம்தான் இருந்தது. அவர் சொன்னதை இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.

"போட எனக்கு ஒரு நிமிஷம் ஆகாதுக்கா. போட்டுட்டா அப்பறம் குழுவும் இல்ல, விதியும் இல்ல. சாவி வச்சிருக்கிறவன் சொல்றதுதான் சட்டம்னு ஆயிடும். இன்னிக்கு உங்களுக்கு நல்லது பண்ணுவேன். நாளைக்கு யாருக்கு என்ன பண்ணுவேன்னு எனக்கே தெரியாது."

அவர் சொன்னது சரி என்று அப்போதே எனக்குத் தெரிந்தது. அவரை அடிக்க வேண்டும் போலவும் இருந்தது. சரியான மனிதர்கள் சரியான காரணத்துக்காக ஒரு பிள்ளையைக் காக்கவைத்திருந்தார்கள். கெட்டவர்களாக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அதற்குள் பள்ளியில் பேச்சு வந்துவிட்டது. யாரோ ஒரு தோழி, "செத்தவங்களுக்கு லெட்டர் எழுதுவியாமே, எங்க பாட்டிக்கும் ஒண்ணு எழுதேன்," என்றாளாம். மகள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அன்று அவள் சாப்பிடவில்லை. ஆயாக்கொட்டகைப் பக்கம் போவதையும் நிறுத்திவிட்டாள். தலைமையாசிரியை சான்றிதழ் விஷயமாக அடுத்த வாரம் பெற்றோரைக் கூட்டிக்கொண்டு வரச் சொல்லியிருந்தார். எல்லாரையும்தான் வரச் சொன்னார்கள் என்று மகள் சொன்னாள். எனக்குத் தூக்கம் போனது.

வழியைக் கண்டுபிடித்தது மகள்தான். ஒரு நாள் மாலை அக்கா எங்கள் வீட்டுக்கு முருங்கைக்கீரை கொண்டுவந்தார். வரும் அமாவாசைக்குக் கணவருக்குப் படைக்கப்போவதாகவும், தம்பி சி ரூசாவிலிருந்து வர வேண்டுமே என்றும் பேசிக்கொண்டிருந்தார். கீரை உருவிக்கொண்டிருந்த மகள் கையை நிறுத்தினாள்.

"பெரியம்மா, படையல் சாவு சம்பந்தப்பட்டதுதானே?"

"பின்ன, கல்யாணம் சம்பந்தப்பட்டதா?"

"அப்ப பலகையில போடலாம். யாரையும் கேக்க வேணாம்."

எனக்குப் புரிய கொஞ்சம் நேரமாயிற்று. புரிந்ததும் முதலில் வந்தது பயம்தான். விதியை வளைக்கிறார்கள் என்பார்கள், மறுபடி எழுதுவார்கள் என்றேன். மகள் பொறுமையாகச் சொன்னாள்: "வளைக்கலம்மா. பெரியம்மா நெசமாவே படைக்கிறாங்க. மாமா நெசமாவே வரணும். பொய் ஒண்ணும் இல்ல." அக்கா அதற்குள் எழுந்து சேலையை இழுத்துச் செருகிக்கொண்டிருந்தார். கீரை பாதியில் கிடந்தது.

ஆயாக்கொட்டகையில் மூவரும் உட்கார்ந்தோம். அக்கா சொன்னார், மகள் அடித்தாள். எனக்கு அது மனப்பாடம்.

"வருகிற அமாவாசையன்று மேட்டு லயத்துக் கடைசி வீட்டில் என் கணவருக்குப் படையல். தெரிந்தவர்கள் வரவும். தம்பி காலையிலேயே வரவும். என் கணவர் காலமானவர். எங்கள் வீட்டுத் தலைக்கட்டு இன்னும் அவர்தான். சாவுச் செய்தியைக் காக்க வைக்கக் கூடாது என்று அவர் பெயரில் குழுவுக்குச் சொன்னது நான். எழுதிக்கொடுத்தது எங்கள் தோட்டத்துப் பிள்ளை. அந்தப் பிள்ளை எதையும் மறைக்கவில்லை."

அடித்து முடித்ததும் மகள் கீழே தன் முழுப் பெயரையும், அப்பா பெயரோடு சேர்த்துப் போட்டாள். தட்டச்சு செய்தது என்று.

"வேணாம்மா," என்றேன். "எங்கள் தோட்டத்துப் பிள்ளைன்னு இருக்கே, போதும். பேரை எடுத்துடு."

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். கோபமாக இல்லை.

"பேரு போடாமத்தானேம்மா என்னைப் பத்தி எழுதினாங்க. அதனாலதான் என்னால பதிலே சொல்ல முடியல. நான் போட்டுக்கிறேன்."

 அவள் அனுப்பும் பொத்தானை அழுத்தினாள். மோடத்தில் பச்சை விளக்கு துடித்தது. திரை ஒரு முறை வெளுத்துத் திரும்பியபோது, பழைய அறிவிப்பு ஒரு படி கீழே இறங்கியிருந்தது. அதற்கு மேலே என் மகளின் பெயர்.

மறுநாள் அலுவலகத்துக்குத் தலைவர் போன் செய்தார். குரலைக் கேட்டதும் நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"படையல் அறிவிப்பு பாத்தேன்."

"ஆமாங்க ஐயா."

"இறப்புச் செய்திதானேம்மா அது?"

"ஆமாங்க ஐயா."

 போனில் அவருக்குப் பின்னால் யாரோ துணி கிழிக்கிற சத்தம் கேட்டது. "சரிதான்," என்றார். "இருக்கட்டும். விதிப்படிதான் இருக்கு." அவருக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்த மாதிரி எனக்குப் பட்டது.

பள்ளிக்குப் போன அன்று தலைமையாசிரியை சான்றிதழை மேசைமேல் வைத்திருந்தார். கையெழுத்துப் போடுவதற்கு முன் மகளை நிமிர்ந்து பார்த்தார். அந்தச் சில வினாடிகள் நான் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"ரெண்டு அறிவிப்பும் படிச்சேன்," என்றார். "ஒண்ணுலதான் பேரு இருந்துச்சு. நான் அதை எடுத்துக்கிட்டேன்." கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்து, பஸ் நிறுத்தத்தில் நின்றபோது மகள் அந்தத் தாளை என் கையில் கொடுத்தாள், பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்லி. நான் அதைக் கைப்பைக்குள் வைத்தேன். பஸ் வந்தது, ஏறினோம், சீட்டு வாங்கினோம். வீடு வந்து சேர்கிறவரை பையைத் திறந்து திறந்து அது இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகள் ஒவ்வொரு முறையும், "இருக்கும்மா," என்றாள்.